கிரெடிட் ரிப்போர்ட் வழக்கில் செட்டில்மென்ட் அட்டை வந்தால்

அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்கு எப்போதாவது ஓர் அஞ்சலட்டையோ மின்னஞ்சலோ வரும். உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் (நீங்கள் கடன் வாங்கித் திருப்பிய விவரங்களின் தொகுப்பு) தவறு இருந்திருக்கலாம், அதற்கான கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கு செட்டில் ஆகிறது, அதாவது பாதிக்கப்பட்ட பலருக்காகச் சேர்த்துப் போட்ட வழக்கு சமரசத்தில் முடிகிறது என்று அதில் இருக்கும். பாதிப் பேர் மோசடி என்று கிழித்துப் போடுகிறார்கள். மீதிப் பேர் எத்தனை டாலர் என்று மட்டும் தேடுகிறார்கள். முதலில் படிக்க வேண்டியது 'ரிலீஸ்' என்ற பத்தியை. எந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது அங்கேதான் இருக்கிறது. சும்மா இருந்தாலும் நீங்கள் வழக்குக்குள்தான். கிளெய்ம் (பணம் கோரும் விண்ணப்பம்) போட்டால்தான் பணம் என்று விதி இருக்கும் வழக்கில் போடாமல் விட்டால் பணமும் வராது, தனியாக வழக்குப் போடும் உரிமையும் போய்விடும்.

தொகை ஏன் இவ்வளவு சிறியது என்று பலர் எரிச்சல்படுகிறார்கள். 1970-இல் வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி, கிரெடிட் நிறுவனம் தெரிந்தோ, துணிந்து பொறுப்பில்லாமலோ மீறியது என்று காட்டினால், நஷ்டத்தை நிரூபிக்காமலே ஆளுக்கு 100 முதல் 1,000 டாலர் வரை கேட்கலாம். வெறும் அலட்சியம் என்றால் நிரூபித்த நஷ்டம் மட்டும். அலட்சியத்தைத் தாண்டியது என்று நிரூபிப்பது கடினம். அதனால் இரு தரப்பும் பேரம் பேசி ஒரு மொத்தத் தொகைக்கு இறங்கி வருகின்றன. அதில் வக்கீல் கட்டணமும் நிர்வாகச் செலவும் கழிந்து, மிச்சம்தான் கிளெய்ம் போட்டவர்களுக்குப் பங்காகும்.

திவால் நடவடிக்கையில் தள்ளுபடியான கடனை இன்னும் பாக்கி என்று காட்டியதற்காக எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன், ஈக்விஃபேக்ஸ் என்ற மூன்று கிரெடிட் ரிப்போர்ட் நிறுவனங்கள் மீதும் நடந்த வழக்கைப் பாருங்கள். 2009-இல் 4.5 கோடி டாலருக்குப் பேசி முடித்தார்கள். நஷ்டத்தைக் காட்டாதவர்களுக்குத் தலைக்குச் சுமார் 26 டாலர். வேலையோ கடனோ வீடோ கைநழுவியது என்று காட்டியவர்களுக்கு 150 முதல் 750 டாலர் வரை. வழக்கின் முகமாக நின்றவர்களுக்கு 5,000 டாலர் வரை, அதுவும் இந்த ஒப்பந்தத்தை ஆதரித்தால்தான் என்று ஒரு நிபந்தனை. அந்த நிபந்தனைக்காகவே 2013-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்பந்தத்துக்கான ஒப்புதலை ரத்து செய்தது. என் கணிப்பில் சரியான முடிவு. தனக்கு மட்டும் 5,000 வரும் என்றால் மற்றவர்களுக்கு 26 போதுமா என்று யார் கேட்பார்?

அதே 2013-இல் ஓரிகன் மாநிலத்தில் ஒரு பெண் தனியாகப் போட்டு ஜெயித்த வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறொருவரின் கடன்கள் அவர் கணக்கில் கலந்திருந்தன. பலமுறை முறையிட்டும் ஈக்விஃபேக்ஸ் திருத்தவில்லை. ஜூரி 1.8 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது, நீதிபதி அதைச் சுமார் 18 லட்சமாகக் குறைத்தார். எல்லோருக்கும் இப்படிக் கிடைக்காது. ஆனால் தவறான ரிப்போர்ட்டால் வீட்டுக் கடன் நிஜமாகவே கைவிட்டுப் போனவர், கிளெய்ம் ஃபார்மில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நுகர்வோர் வக்கீல் ஒருவரிடம் பேச வேண்டும். கிளாஸ் வழக்கிலிருந்து விலகித் தனியாகப் போவதென்றால் அட்டையில் சொன்ன தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தனி வழக்குக்குக் காலக்கெடு, மீறல் தெரியவந்து 2 ஆண்டு அல்லது மீறல் நடந்து 5 ஆண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அது. கிளாஸ் வழக்கு நடக்கும்போது பொதுவாக நின்றிருக்கும் அந்தக் கடிகாரம், விலகியதும் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும்.

2021-இல் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒத்துப்போனதாலேயே, அரசின் தடைப்பட்டியலில் இருக்கக்கூடியவர்கள் என்று டிரான்ஸ்யூனியன் பலரைக் குறித்துவைத்த வழக்கு அது. மொத்தம் 8,185 பேர். அவர்களில் யாருடைய ரிப்போர்ட் வெளியாருக்குப் போனதோ அந்த 1,853 பேர் மட்டுமே தவறான விவரத்துக்காக நஷ்டஈடு கேட்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொன்னது. மற்றவர்களைப் பொறுத்தவரை தவறு கோப்புக்குள்ளேயே கிடந்தது, அது போதாது. அப்பா பெயரே கடைசிப் பெயராகி, ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் நம்மவர்களுக்கு இது எட்டத்து விஷயமில்லை.

ஆகவே ரிப்போர்ட்டை யார் வாங்கினார்கள் என்பதே உங்கள் சாட்சி. ரிப்போர்ட்டின் கடைசியில் வரும் 'இன்கொய்ரி' பட்டியலில் அது இருக்கும். சட்டப்படி கடந்த ஓராண்டில் வாங்கியவர்களைத்தான் காட்டியாக வேண்டும், வேலைக்காக வாங்கியவர்களை மட்டும் 2 ஆண்டுக்கு. அதனால் தவறு தெரிந்த அன்றே மூன்று நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். இலவசமாகவே கிடைக்கும். கடன் மறுத்த வங்கி அனுப்பும் கடிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள். எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட்டைப் பார்த்து மறுத்தார்கள் என்று அதில் இருக்கும்.

செட்டில்மென்ட் பணம் வந்துவிட்டால் ரிப்போர்ட் தானே சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. திருத்தத்துக்குத் தனியாக டிஸ்ப்யூட், அதாவது தவறை ஆட்சேபிக்கும் புகார், போட வேண்டும். அதையும் கிரெடிட் நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும். தவறான விவரத்தைக் கொடுத்த வங்கிக்கு மட்டும் எழுதினால், பின்னால் அந்த வங்கி மீது இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது. ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில், ஒரு கடிதத்தில் ஒரு பிழை என்று, ஆதார நகலோடு அனுப்புங்கள். நீளமான கடிதம் உதவாது. ஈ-ஆஸ்கர் என்ற கணினி முறைக்குள் உங்கள் புகார் பெரும்பாலும் ஒரு சிறு குறியீடாகச் சுருங்கி வங்கிக்குப் போகிறது. நிறுவனத்துக்கு 30 நாள் அவகாசம். நடுவில் நீங்கள் புதிய ஆதாரம் அனுப்பினால் இன்னும் 15 நாள் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பிழைக்கான எல்லா ஆதாரத்தையும் ஒரே தடவையில் அனுப்பச் சொல்வது அதனால்தான்.

கிளெய்ம் ஃபார்மில் பெயரை ரிப்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள். பழைய முகவரிகளையும் கொடுங்கள், அடையாளம் சரிபார்ப்பது அவற்றை வைத்துத்தான். பணம் கேட்கும் தளம் எதுவும் உண்மையான செட்டில்மென்ட் தளம் அல்ல. ஃபார்ம் போட்ட பிறகு வீடு மாறினால் செட்டில்மென்ட் நிர்வாகிக்குப் புது முகவரியைத் தெரிவியுங்கள். நீதிமன்றத்தின் இறுதி ஒப்புதல், யாராவது மேல்முறையீடு போனால் அதற்கொரு காத்திருப்பு என்று செக் வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். வந்த செக்கில் காலாவதித் தேதி அச்சாகியிருக்கும், பெரும்பாலும் சில மாதங்கள்தான்.