கட்டை விரலில் ஒரு 'அ'

விடியற்காலை எழுந்து உட்கார்ந்தேன். வேலூர் சத்துவாச்சாரி வீட்டின் ஃபேன், சுவர், சன்னல் எல்லாம் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. கண்ணை மூடினாலும் நிற்கவில்லை. மதியத்துக்குள் ஏழெட்டு முறை வாந்தி. "பித்தம்டா" என்று அம்மா கொடுத்த இஞ்சிச் சாறும் வெளியே வந்தது.

பக்கத்து கிளினிக்கில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு தேய்மானம் என்று கழுத்துப் பட்டையும் தலைசுற்றல் மாத்திரையும் கொடுத்தார்கள். ஐம்பதை நெருங்கியவர்களில் பலருக்கு எக்ஸ்ரேயில் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மாத்திரை போட்டால் சுற்றல் அடங்கியது. அதனால் மூன்று வாரம் விடாமல் போட்டேன், தலையை அசைக்காமல் கிடந்தேன். நடந்தால் மட்டும் இடது பக்கம் தள்ளியது.

அப்புறம்தான் ஈ.என்.டி மருத்துவர். பேச்சு குழறியதா, எல்லாம் இரட்டையாகத் தெரிந்ததா, கை கால் மரத்ததா என்றுதான் முதலில் கேட்டார். இதில் ஒன்று இருந்திருந்தால்கூட பக்கவாதமோ என்று அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு ஓடியிருக்க வேண்டுமாம். காது கேட்பதில் குறையில்லை, இரைச்சலும் இல்லை. தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்துக் கண்ணைப் பார்த்தார். உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருந்தால் அதில் தெரியும்; எப்ளி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பியே அதைச் சரிசெய்வார்கள். என் பெரியம்மாவுக்கு ஒரே நாளில் சரியானது. எனக்கு அது இல்லை. தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, என் தலையை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இடப்பக்கம் திருப்பினார். கண் மூக்கை விட்டு நழுவி, திரும்பத் தாவி வந்தது. இடது காதின் சமநிலை நரம்பில் அழற்சி.

"மாத்திரையை நிறுத்துங்க. அது முதல் ரெண்டு மூணு நாளுக்குத்தான். குறையை ஈடுகட்ட மூளை கத்துக்கணும். நீங்க அதைத் தூங்க வச்சிட்டீங்க."

பிசியோதெரபி அம்மா என் கட்டை விரலில் பேனாவால் 'அ' எழுதினார். கையை நீட்டி, அந்த எழுத்தை விட்டுக் கண் எடுக்காமல் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். ஒரு நிமிடம், நாளுக்கு மூன்று வேளை. லேசாகச் சுற்ற வேண்டும், சில நிமிடத்தில் அடங்கவும் வேண்டும். சுற்றவே இல்லையென்றால் வேகம் போதவில்லை என்று அர்த்தம். முதல் வாரம் அவரைத் திட்டாத நாளில்லை. பிறகு தலையணை மேல் நிற்பது, கோட்டை அகழி ஓரம் தலையைத் திருப்பிக்கொண்டே நடப்பது. கடைசியாக லாங்கு பஜார். கூட்டம் இரண்டு பக்கமும் நகர்வதைப் பார்த்தாலே குமட்டும், வாழைப்பழ வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதற்கே ஒரு மாதம் ஆனது.

எட்டாவது வாரம் வண்டி எடுத்தேன், காட்பாடி வரை. இப்போதும் சோப்பு போட்டுக் கண்ணை மூடி முகம் கழுவும்போது, ஒரு கை தானாகச் சுவரைத் தொட்டுக்கொள்கிறது.