தடைக்காலப் புத்தகங்கள்

ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் பாம்பன் கரையில் கட்டிக்கிடக்க, அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். "ஏதாச்சும் படிக்கக் குடும்மா" என்றார்.

ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' கொடுத்தேன். 2004இல் வந்த நாவல், பரதவர் என்ற கடலோர மீனவர்களின் வாழ்க்கை. குண்டுப் புத்தகம் என்று முதல்நாள் முனகினார். இப்போது வலை பின்னும்போதும் பக்கத்தில் கிடக்கிறது, அடையாளத்துக்கு உள்ளே ஒரு நைலான் நூல்.

அண்ணிக்கு 'டோட்டோ-சான்', ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் பள்ளிக்கூடக் கதை. பிள்ளை வளர்ப்புக்கு அறிவுரை அள்ளிவிடும் புத்தகங்களைவிட இது எவ்வளவோ மேல். அதில் ரயில்பெட்டிதான் வகுப்பறை. மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்கிறதா என்று தலைமையாசிரியர் பார்ப்பார். அண்ணி அதை வாசித்துக் காட்டியதும் மகள் கேட்டாள்: "நமக்குத் தினமும் நெத்திலிதான், மலை எங்கம்மா?" அன்றிலிருந்து டப்பாவில் கேரட் பொரியலும் போகிறது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020இல் சிறார் இலக்கியத்துக்கான பால சாகித்ய புரஸ்கார் விருது வாங்கியது. பிள்ளைகளிடம் நடக்கும் பாலியல் சீண்டலைப் பற்றிய கதை என்பதால், தனியாகக் கொடுத்துவிடாமல் கூட உட்கார்ந்து படியுங்கள்.

குட்டிகளுக்குப் படக்கதைதான். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் இலவசமாகவே இருக்கின்றன.

ஜூன் 14க்குள் முடித்துவிடுவேன் என்கிறார் அண்ணன். இன்னும் பாதி பாக்கி.