உடைந்த சைலன்சர் ஸ்டட்டைக் கழற்றிய கதை

ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சருக்குள் பட்பட்டென்று வெடிக்கிறதா, வண்டியைக் கிளப்பும்போது அடியில் புஸ்புஸ்ஸென்று காற்று போகிற சத்தம் வருகிறதா, கார்புரேட்டரில் கைவைக்கும் முன் கீழே குனிந்து சைலன்சர் குழாய் இன்ஜினின் ஹெட்டில், அதாவது சிலிண்டரின் மூடியில், சேரும் இடத்தை ஒருமுறை பாருங்கள். அதைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம். புகை வெளியே போவதோடு விஷயம் முடியாது. ஆக்சிலேட்டரை விடும்போது அதே இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, எரியாமல் மிச்சமிருக்கும் பெட்ரோலோடு சேர்ந்து குழாய்க்குள்ளேயே வெடிக்கும். அத்தையின் ஆக்டிவாவில் நடந்தது அதுதான். சைலன்சரை ஹெட்டோடு பிடித்திருக்க வேண்டிய இரண்டு ஸ்டட்டில் (ஹெட்டில் முறுக்கியிருக்கும் தலையில்லாத மரைக்கம்பி, வெளிமுனையில் நட்டு ஏறும்) ஒன்று எப்போதோ உடைந்திருக்கிறது, யாரோ ஒருவர் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டி அனுப்பியிருக்கிறார். எந்தப் பட்டறையில் என்று அத்தைக்கு நினைவில்லை.

ஆக்டிவா 2001-ல் வந்தபோது வாங்கிய வண்டி, 102 சிசி. பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வந்தே இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது, இன்றைக்கும் ஒரே உதையில் கிளம்பும். "எப்பா, பேசாம வித்துரலாமா?" என்று அத்தை கேட்டார். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு இரும்புத் துண்டுக்காக நல்ல இன்ஜினைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அதுவும் அவர் ஓய்வுபெறும் நாள்வரை ஓட்டிய வண்டி. நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீடு தூத்துக்குடியில், உப்பளத்துக்குப் பக்கம். அங்கே வாசல் கேட்டின் கீலே இரண்டு வருஷத்தில் துருப்பிடித்துவிடும், சைலன்சர் ஸ்டட் எம்மாத்திரம்? இதில் வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹெட் அலுமினியம், அதில் முறுக்கியிருக்கும் ஸ்டட் இரும்பு. இரண்டு வேறு வேறு உலோகம் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத்தண்ணீர் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும், அரிப்பு அலுமினியத்தில் விழும். அரித்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறும், அந்தப் பொடிக்கு அலுமினியத்தைவிட அதிக இடம் வேண்டும். அதனால் மரையின் இடுக்கெல்லாம் அது நிறைந்து, ஆப்படித்ததுபோல ஸ்டட்டை இறுக்கிவிடுகிறது. இதோடு, சைலன்சர் ஒவ்வொரு முறையும் சூடாகி ஆறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடைந்ததற்கு இன்னொரு காரணம் சைலன்சரைக் கழற்றும்போது தெரிந்தது. வலது பக்கம் இன்ஜினோடு சைலன்சரைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அப்படி ஆடினால் மொத்த சைலன்சரின் எடையும் அதிர்வும் முன்னால் இருக்கும் அந்த இரண்டு ஒல்லி ஸ்டட்டின் மேல்தான் விழும். ஸ்டட் உடையும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் போல்ட்டுகளை.

இந்த மாதிரி ஸ்கூட்டரில் சிலிண்டர் கிட்டத்தட்ட படுத்திருக்கும். கார்புரேட்டர் மேல்பக்கம், சைலன்சர் வாய் ஹெட்டின் அடியில் தரையைப் பார்த்தபடி இருக்கும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கண்ணில் துரு கொட்டும், டார்ச் லைட்டை ஒழுங்காகக் காட்ட முடியாது, டிரில் நேராக நிற்கவே நிற்காது. இன்ஜினை இறக்குவது பார்க்கத்தான் பெரிய வேலை. பேட்டரி வயர், கார்புரேட்டர், பின் பிரேக் கேபிள், ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட், இன்ஜினைச் சேசிஸோடு பிடித்திருக்கும் அந்த நீளமான போல்ட், அவ்வளவுதான். ஆயிலை முன்பே வடித்துவிடுங்கள், ஏனென்றால் அடுத்து அதைத் தலைகீழாகப் புரட்டப்போகிறோம். சைலன்சர் வாய் வானத்தைப் பார்க்கும்படி இன்ஜினைச் சாக்கின் மேல் படுக்கவைத்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. வெளிச்சம் நேராக விழுகிறது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்கும்படி இன்ஜினைச் சுற்றி வைத்து, வாய்க்குள் ஒரு துணியையும் திணித்துவிட வேண்டும். உள்ளே ஒரு இரும்புத் துணுக்கு விழுந்தாலும் சிலிண்டருக்கு ஆபத்து.

நல்லபடியாக இருந்த ஸ்டட்டின் நட்டு திருகத் திருக, நட்டோடு ஸ்டட்டே முழுசாகக் கழன்று வந்துவிட்டது. அது நல்லதுதான், புதுசு போட்டுக்கொள்ளலாம். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். துருப்பிடித்த நட்டு கழலும்போது கைக்கு வரும் உணர்வு வேறு, ஸ்டட் முறியப்போகும்போது வரும் உணர்வு வேறு. கழலும் நட்டு கிரீச்சென்று கத்தி, விட்டுவிட்டு நகரும். முறியப்போகும் ஸ்டட் சத்தமே போடாது, ரப்பர் மாதிரி கொஞ்சம் இளகி ஸ்பேனரை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பும். அந்த இளக்கம் கையில் தெரிந்த நொடியே நிறுத்திவிட்டு, திரும்ப இறுக்கும் திசையில் கொஞ்சம், கழற்றும் திசையில் கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும்.

உடைந்த ஸ்டட் ஹெட்டின் மட்டத்துக்கு மேல் ஒரு அரிசி அளவுதான் நீட்டிக்கொண்டிருந்தது. வைஸ் கிரிப் (பூட்டிப் பிடிக்கும் இடுக்கி) பிடிக்க அது போதாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுத்துவிட்டு, கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். துளையின் அடி மூடியிருக்கும் இடத்தில் எண்ணெய் மேலிருந்து மட்டும்தான் இறங்க முடியும், அதனால் எண்ணெயை மட்டும் நம்பக்கூடாது. நடுநடுவே ஸ்டட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் நேராகத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓங்கி அடிக்கக் கூடாது. டிக் டிக்கென்று தட்டினால் போதும், அந்த அதிர்வில்தான் வெள்ளைப் பொடி உடையும்.

அடுத்தது சூடு. நிறையப் பேர் ஸ்டட்டைச் சூடாக்குகிறார்கள். சூடாக்க வேண்டியது அதைச் சுற்றியிருக்கும் அலுமினியத்தை. இரும்பைப்போல அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 6 மில்லி துளையின் சூட்டை 150 டிகிரி ஏற்றினால், துளை விரிவதற்கும் ஸ்டட் விரிவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லியில் நூற்றில் ஒரு பங்கு. கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் பொடி ஒட்டியிருக்கும் பிடியை உடைக்க அது போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அலுமினியம் இரும்பைப்போலச் சிவந்து எச்சரிக்காது. சுத்தமான அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஹெட் வார்க்கும் கலவை அதற்கும் முன்பே இளகிவிடும், நிறம் மாறாமலேயே ஒரு மூலை சரிந்து விழும். பக்கத்தில் வால்வின் ரப்பர் சீலும் இருக்கிறது. அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சொய்ங்கென்று துள்ளி ஓடுகிற அளவு வந்ததும் சூடாக்கும் டார்ச்சை எடுத்துவிட்டேன். அசிட்டோன் முழுக்கக் காய்ந்த பிறகுதான் நெருப்பைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். சூடாக இருக்கும்போதே மெழுகுவத்தியை ஸ்டட்டின் ஓரத்தில் தொட்டால், உருகிய மெழுகு உறிஞ்சிக்கொண்டு மரைக்குள் இறங்கும். கண்முன்னால் மெழுகு காணாமல் போகும். எண்ணெய் போகாத இடத்துக்கும் அது போகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் திருகப் பிடிமானம் வேண்டுமே, அதற்கு வெல்டிங்தான். இன்ஜினை ஆட்டோவில் ஏற்றி ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பார்த்ததும் அண்ணாச்சி, "தம்பி, இதுல ஈஸி அவுட் எதுவும் போட்டு முறிச்சி வச்சிருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும், "அப்பச் சரி, எடுத்துரலாம்" என்றார். ஈஸி அவுட் என்பது உடைந்த ஸ்டட்டில் துளை போட்டு, அதற்குள் முறுக்கி ஸ்டட்டை வெளியே எடுக்கும் கருவி. அந்தக் கேள்வியிலேயே அவருக்கு வேலை தெரியும் என்று புரிந்துவிட்டது.

ஸ்டட்டைவிட ஒரு சைஸ் பெரிய நட்டை அந்த மொட்டைத் தலையின் மேல் நடுவாக வைத்து, நட்டின் ஓட்டைக்குள்ளே ராடை விட்டு ஸ்டட்டையும் நட்டையும் ஒன்றாகப் பற்றவைக்க வேண்டும். இரும்புக்கான ராடு அலுமினியத்தில் ஒட்டாது என்பது நமக்குச் சாதகம். எர்த் கிளாம்ப்பை ஹெட்டிலேயே மாட்டச் சொன்னேன். தூரத்தில் மாட்டினால் கரண்ட் இன்ஜினின் பேரிங் வழியாக ஓடி அதைக் கெடுக்க வாய்ப்புண்டு. வண்டியிலேயே வைத்து வெல்டிங் செய்வதாக இருந்தால் பேட்டரியையும், ஸ்பார்க் கொடுக்கும் மின்னணுப் பெட்டியான சிடிஐயையும் கழற்றாமல் செய்யக் கூடாது. முதலில் வைத்த நட்டு ஸ்பேனர் பட்டதும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அண்ணாச்சி அசரவில்லை, தலையை நன்றாகத் தேய்த்துவிட்டு, கரண்ட்டைக் கொஞ்சம் ஏற்றி, இன்னொரு நட்டை வைத்தார்.

இந்த முறையில் வெல்டிங்கின் சூடும் வேலை செய்கிறது என்பதுதான் இதன் அழகு. கிராமத்தில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைச் சூடாக்கி மாட்டி ஆறவிடுவார்கள், பட்டை சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். இங்கே நடப்பது அதன் மறுபக்கம். உள்ளே இருக்கும் ஸ்டட் செக்கச்சிவக்கக் காய்ந்து விரிகிறது, சுற்றியிருக்கும் அலுமினியம் அதற்கு இடம் கொடுக்காமல் நெருக்குகிறது, அதனால் ஆறும்போது ஸ்டட் முன்னைவிட ஒரு துளி ஒல்லியாகச் சுருங்குகிறது. ஆகவே சிவப்பாக இருக்கும்போது அவசரப்பட்டுத் திருகக் கூடாது. சிவப்பு முழுக்கப் போய், மெழுகு தொட்டால் உருகும் அளவுக்கு ஆறட்டும். அண்ணாச்சி அதுவரை டீ குடித்தார். அப்புறம் ரிங் ஸ்பேனரைப் போட்டு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி. கிரீச். பிறகு கழற்றும் பக்கம் ஒரு இம்மி. திரும்ப மெழுகு. அப்படியே ஆட்டி ஆட்டி, கால் சுற்று, அரைச் சுற்று என்று வந்து கடைசியில் கையாலேயே சுழன்றது. வெளியே வந்த ஸ்டட்டின் மரை முழுக்க வெள்ளைப் பொடி அப்பியிருந்தது, ஹெட்டில் மரை ஒன்றுகூடச் சிதையவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தத் துண்டைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வெல்டிங்கில் வரவில்லை என்றால்தான் டிரில். அதில் எல்லாமே சென்டர் பஞ்ச், அதாவது டிரில் முனை உட்காரத் தட்டும் குழி, விழும் இடத்தைப் பொறுத்தது. நடுவில் விழவில்லை என்றால் டிரில் பிட் இரும்பை விட்டு மென்மையான அலுமினியத்துக்குள் சறுக்கிப் போகும், அப்புறம் ஹெட்டே போய்விடும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. லேத் பட்டறையில் சொல்லி ஒரு சின்ன புஷ் (நடுவில் ஓட்டை உள்ள உருளை) கடைந்து வாங்குங்கள், வெளி அளவு சைலன்சர் குழாயின் பட்டையில் இருக்கும் ஓட்டைக்கு, உள் அளவு 3 மில்லி பிட்டுக்கு. பழைய பட்டையை நல்ல ஸ்டட்டில் மாட்டி இறுக்கி, உடைந்த பக்கத்து ஓட்டையில் புஷ்ஷை விட்டு, அதன் வழியாக டிரில் போட்டால் பிட் நடுவைவிட்டு நகரவே முடியாது. இடது பக்கம் சுற்றும் பிட் கிடைத்தால் இன்னும் நல்லது, துளை போடும்போதே ஸ்டட் கழன்று வந்துவிடுவதும் உண்டு. 6 மில்லி மரை என்றால் கடைசித் துளை 5 மில்லி, 8 மில்லி மரை என்றால் 6.8, அதற்குமேல் போகக் கூடாது. மரை போய்விட்டால் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட்டு மீட்கலாம்.

ஆனால் ஈஸி அவுட் வேண்டாம். துருப்பிடித்த சின்ன ஸ்டட்டுக்கு அது கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது ஆப்பு வடிவம், திருகத் திருக ஸ்டட்டை வெளிப்பக்கமாக விரிக்கும், ஏற்கனவே இறுகியிருப்பதை இன்னும் இறுக்கும். 6 மில்லி ஸ்டட்டுக்குள் நுழையும் ஈஸி அவுட் அவ்வளவு ஒல்லி, சடக்கென்று முறியும். முறிந்த துண்டு கடினமாக்கிய இரும்பு, சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கும். அதற்குப் பிறகு கார்பைடு பிட் தேட வேண்டும், இல்லை மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கும் இடத்துக்கு ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

கடிகாரம் பழுதுபார்ப்பவர்களிடம் ஒரு பழைய வழி உண்டு. பித்தளைத் தகட்டில் இரும்புத் திருகு முறிந்துகொண்டால், தகட்டைப் படிகாரக் கரைசலில் போட்டுச் சூட்டில் வைப்பார்கள். படிகாரம் இரும்பை மட்டும் மெல்ல மெல்லக் கரைத்துவிடும். அலுமினியத்திலும் இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஹெட்டில் வால்வு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றி வெறுமையாக்கின பிறகுதான் செய்ய முடியும்.

மாட்டும் வேலை சுருக்கம்தான். மரைக்குள் டேப்பை (மரை வெட்டும் கருவி) கையால் மட்டும் ஓட்டிச் சுத்தம் செய்தேன். புது ஸ்டட்டில் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, அதைப் பிடித்து முறுக்கினால் ஸ்டட் நேராக உட்காரும். மரையில், இறுகி ஒட்டாமல் காக்கும் செம்புத்தூள் கலந்த ஆன்டி சீஸ் பேஸ்ட் கட்டாயம், கடலோர ஊர்களில் அது இல்லாமல் மாட்டவே கூடாது. நட்டுக்குப் பித்தளையைத்தான் தேர்ந்தெடுத்தேன், பித்தளை இரும்போடு துருவால் ஒட்டாது, மீறிப்போனால் நட்டின் மரைதான் போகும், ஸ்டட் பிழைக்கும். கேஸ்கெட் வளையம் ஒருமுறை நசுங்கினால் முடிந்தது, பழையதைத் திரும்பப் போடுவதில் அர்த்தமில்லை.

எல்லா நட்டையும் போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றிவிட்டு, முன்னால் இருக்கும் இரண்டு நட்டையும் மாறி மாறி இறுக்கி, கடைசியில்தான் பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் சைலன்சர் ஸ்டட்டை இழுத்துப் பிடித்தபடி நிற்கும். ஆயில் ஊற்றிக் கிளப்பி நன்றாகச் சூடேற்றி, முழுக்க ஆறியபின் நட்டுகளை மறுபடி பார்த்தேன், இரண்டுமே ஒரு இம்மி இறுகின. அடுத்த மாதம் ஆயில் மாற்றும்போது பக்கவாட்டு போல்ட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், எந்த ஸ்பேனர் என்று அத்தை டிக்கியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியும் விட்டார்.