நல்ல தண்ணீர்த் தொட்டியும் பகலில் கடிக்கும் கொசுவும்

கோவை, திருப்பூர்ப் பக்கம் பல இடங்களில் குழாயில் நல்ல தண்ணீர் தினமும் வருவதில்லை. ஆகவே வருகிற அன்றே தொட்டி, டிரம், குடம் என எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிடுகிறோம். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா ஆகிய மூன்றையும் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவதும் சாக்கடையை அன்று, இந்தத் தண்ணீரைத்தான்.

கர்ப்பிணிகளுக்குச் செய்யும் கட்டுச்சோற்று விருந்து முடிந்து தாய்வீடு வந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்குப் பின்புறம் பொடக்காளியில் இருந்த சிமெண்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தபோது, என் நிழல் விழுந்ததும் நீர்ப்பரப்பில் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. "நேத்துப் புடிச்ச தண்ணிதானுங்க," என்றார் அவளுடைய அம்மா. அவர் சொன்னது உண்மை. ஆனால் பழைய தண்ணீர் தீராமல் அதன் மேலேயே புதுத் தண்ணீர் பிடித்திருந்தார்கள். இந்தக் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டினாற்போல் முட்டையிடுகிறது. அம்முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் ஏறித் தொட்டவுடன் பொரித்துவிடும். அங்கிருந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் கொசுவாகிப் பறக்கும். எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரை நார் கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிட்டு, பிறகு பிடித்து இறுக மூட வேண்டும். வாசலில் கிடக்கும் பழைய ஆட்டாங்கல்லின் குழியையும் மறந்துவிடக் கூடாது.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2015-இல் பிரேசிலில் தலை சிறுத்த குழந்தைகள் ஏராளமாகப் பிறந்ததையடுத்து, 2016 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்தது. கருவிலேயே ஜிகா தாக்கியதன் விளைவு அது. 2021-இல் வாளையாறுக்கு அப்பால் கேரளத்தில் ஜிகா முதன்முதலாக உறுதி செய்யப்பட்டதும் ஒரு கர்ப்பிணியிடம்தான். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது, தடுப்பூசியும் இல்லை. உடலுறவு வழியாகவும் தொற்றும் என்பதால், ஜிகா பரவும் ஊருக்குப் போய்த் திரும்பும் கணவர் குறைந்தது மூன்று மாதம் ஆணுறை அணிய வேண்டும். மனைவி கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை. இதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பயனில்லை.

ஏடிஸ் பகலில்தான், குறிப்பாகக் காலையிலும் பொழுது சாயும் முன்பும், கடிக்கும். ஆகவே மதியம் கண்ணயரும்போதும் கொசுவலை வேண்டும்.

காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாமல், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று எத்தனையாவது மாதம் என்பதையும் சொல்ல வேண்டும்; டெங்குவில் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் தணிந்ததும் நிம்மதியடைந்துவிடுவதே பெரும் ஆபத்து, ஏனெனில் டெங்கு முற்றுவது பெரும்பாலும் அப்போதுதான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், தலைசுற்றல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொட்டி தேய்க்கும் வேலையை நிறைமாதப் பெண்ணிடம் விடாமல், வீட்டு ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்துவிடலாம்.