சில்வியா தேடிப் போய் சிவிக் வாங்கிய கதை

இரண்டு வருடம் சில்வியா சில்வியா என்று எல்லார் உயிரையும் எடுத்துவிட்டு, கடைசியில் பழைய நாலு கதவு ஹோண்டா சிவிக்கோடு வீட்டுக்கு வந்தேன். சுங்கை சிப்புட் கூட்டாளிகள் இன்னும் கிண்டல் பண்ணுகிறார்கள், பண்ணட்டும்.

ஆசைப்பட்டது நிசான் சில்வியா எஸ்14. பின்சக்கரம் தள்ளும் காடி (கார்), எஸ்ஆர்20டிஇடி டர்போ இன்ஜின், 220 குதிரைச் சக்தி. ஈப்போவில் ஒன்று விலைக்கு வந்ததும் காடி பழுது பார்க்கும் போர்மேன் அண்ணனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். தேர் மாதிரி நின்றது. பானெட்டைத் திறந்தால் இன்ஜின் நம்பர் ஒன்று, கெரானில், அதாவது காடியின் பதிவுப் பத்திரத்தில், இருப்பது வேறொன்று. "அதெல்லாம் பின்னால மாத்திக்கலாம் தம்பி" என்றார் விற்க வந்தவர். அண்ணன் ஒன்றும் பேசாமல் மோட்டார் பக்கம் நடந்தார். வழியில்தான் வாயைத் திறந்தார்: "முதல்ல கெரானைப் பாரு, அப்புறம் இன்ஜினைப் பாரு."

மஸ்டா ஆர்எக்ஸ்-7 ஆசையும் கொஞ்ச நாள் இருந்தது. ரோட்டரி இன்ஜின் பிறவியிலேயே எண்ணெய் எரிக்கும், சுழலும் ரோட்டரின் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் போனால் மொத்தத்தையும் பிரிக்கவேண்டும். லயத்து வீட்டு வாசலில் வைத்துப் பார்க்கிற சாமானா அது?

சரி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சில்வியா 1998 சிசி, ரோட் டேக்ஸ் வருடத்துக்கு 379 வெள்ளி (ரிங்கிட்). 1.5 லிட்டர் சிவிக் ஈஜி மாடல் வாங்கி 1595 சிசி பி16ஏ இன்ஜின் போட்டாலும் அதே 90 வெள்ளிதான், ஏனென்றால் 1401 முதல் 1600 சிசி வரை ஒரே கட்டணம். முன்னும் பின்னும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், எடையும் குறைவு, பழைய காடிகளைப் பாதியாக வெட்டி விற்கும் ஹாஃப்கட் கடையில் சாமான் கிடைக்கும்.

ஹாஃப்கட்டில் கியர்பாக்ஸ், வயரிங், பி30 இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) எல்லாம் சேர்த்தே கேளுங்கள். முதலில் பார்த்த இன்ஜினில் மூன்றாவது சிலிண்டரின் கம்பிரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) மட்டும் குறைந்து தொங்கியது, வேண்டாம் என்று திரும்பினோம். அடுத்ததில் நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்தது. இன்ஜினைத் தூக்கும் முன்பே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, போட்டபின் புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிலையத்தில் சோதனை, கெரானில் புது நம்பர், இன்சூரன்சுக்கும் தகவல். இதற்கு அலைந்த அலைச்சலில் இன்ஜின் மாற்றியதே சுலபம் என்று தோன்றியது.

டியூனிங்குக்கு இன்னும் போகவில்லை. 1.5க்குப் போட்ட பிரேக்கை வைத்துக்கொண்டு 170 குதிரையை ஓட்டுவது கிறுக்குத்தனம், அதனால் பிரேக், டயர், ரேடியேட்டர், இந்த வரிசையில்தான் காசு போனது. ஸ்பிரிங்கையும் வெட்டவில்லை, செம்பனை லோரி போய்ப் போய்க் குழி விழுந்த தோட்டத்துச் சாலையில் தாழ்ந்த காடி வயிற்றைக் கிழித்துக்கொள்ளும்.

அப்பா ஒரு தரம் ஏறி உட்கார்ந்தார். இரண்டாவது கியரில் 5,500 சுற்று தாண்டி, வால்வுகளை இன்னும் அதிகம் திறக்கும் விடெக் வேலை செய்து இன்ஜின் கத்தியதும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தவர், இறங்கியதும் கேட்டார்:

"இதுக்கும் 90 வெள்ளிதானா?"