700 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள காற்று

உயர்தர வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், கண்ணுக்கே தெரியாத கோள்ல என்ன வாயு இருக்கெண்டு எப்படிச் சொல்லுறாங்கள்?" ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்தால் கிடைப்பது நிறமாலை, அதில் வாயு விழுங்கிய இடங்கள் குறைந்து தெரிவது உறிஞ்சல் நிறமாலை என்று புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். எனக்குத்தான் திருப்தி வரவில்லை, நானே அதைக் கண்ணால் பார்த்ததில்லையே.

மறுநாள் விடிய, டச்சு குடாக் கரையில் நடக்கும்போது சூரியன் கடலிலிருந்து செக்கச்செவேலென்று எழும்பியது. அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி நம் காற்றுக்குள் நெடுந்தூரம் சாய்வாக வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது. புறக்கோளிலும், அதாவது வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளிலும், கிட்டத்தட்ட இதுதான். கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது, விண்மீனின் ஒளியில் ஒரு துளி கோளின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்று வளையத்துக்குள்ளால் வருகிறது. அங்கே உள்ள வாயு தனக்குரிய அலைநீளத்தை விழுங்கிவிடும். அந்த அலைநீளத்தில் மட்டும் கோள் சற்றுப் பருத்துத் தெரியும்.

சரி, அதை நானே அளந்து பார்ப்போம் என்று இறங்கினேன்.

எடுத்துக்கொண்டது வாஸ்ப்-39பி என்ற புறக்கோள். கன்னி விண்மீன் கூட்டத்தில், ஏறக்குறைய 700 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நிறையில் சனியை ஒத்தது, பருமனில் வியாழனை விடப் பெரியது, சூடு 900 பாகை செல்சியஸ் அளவில். நாலு நாளுக்கு ஒரு முறை விண்மீனைச் சுற்றுகிறது. இப்படி உப்பிப்போன கோளில் காற்று வளையம் தடிப்பாக இருக்கும், அளக்க வசதி. 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இதைப் பார்த்தது. வானியலாளர் நட்டாலி பட்டாலா தலைமையிலான குழு அதிலிருந்து காபனீரொட்சைட்டைக் கண்டுபிடித்து ஆகஸ்டில் அறிவித்தது. ஒரு புறக்கோளில் அந்த வாயு ஐயமின்றி உறுதியானது அதுவே முதல் முறை. அந்தத் தரவு முழுவதும் யாரும் இலவசமாக எடுக்கக்கூடியது. திருகோணமலையில் இருக்கும் ஒரு ஆசிரியருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை.

மூலக் கோப்புகள் மிகப் பெரியவை. நிறமாலையாகப் பிரித்து வைத்த கோப்புகளை மட்டும் இரவு டேட்டாவில் இறக்கினேன். எட்டு மணி நேரத்தில் எடுத்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நிறமாலைகள். பைதன் கணினி மொழியில், வானியல் தரவுக்கான அஸ்ட்ரோபை என்ற நிரல்தொகுப்பைக் கொண்டு திறந்து, ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட அலைநீளங்களின் ஒளியைக் கூட்டி, நேரத்துக்கு எதிரே வரைய வேண்டும். வேலை அவ்வளவுதான்.

முதல் கிழமை வந்ததெல்லாம் வெற்றுப் படம். பழுதான புள்ளிகளில் எண்ணே இல்லாததால் கூட்டுத்தொகை முழுவதும் கெட்டுப்போயிருந்தது. அதைச் சீர்செய்த பிறகும் வளைகோடு கோணலாகவே வந்தது. ஒளி அதிகம் உள்ள பகுதிதானே நல்லது என்று 1.3 மைக்ரோமீற்றரை எடுத்திருந்தேன். பிழையே அங்கேதான். விண்மீனின் வெளிச்சம் அங்கே கூடிப்போய் தொலைநோக்கியின் ஒளி உணரி நிரம்பி வழிந்திருக்கிறது. ஏறக்குறைய 2 மைக்ரோமீற்றருக்குக் கீழே பெரும்பகுதி அப்படித்தான். நிரம்பிய குடத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம் என்று பிறகு அளக்க முடியாது. இதை விளங்கிக்கொள்ள இரண்டு கிழமை போனது.

அப்புறம் நீண்ட அலைநீளப் பக்கம் போனேன். 3.7 முதல் 3.9 மைக்ரோமீற்றர் வரை ஒரு கூட்டு, 4.2 முதல் 4.5 வரை இன்னொன்று. இரண்டாவதில்தான் காபனீரொட்சைட்டு ஒளியை உறிஞ்சும். நம் வளிமண்டலத்திலும் அதே வாயு இருப்பதால், அந்த அலைநீளத்தைத் தரையிலிருந்து பார்க்கவே முடியாது. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி ஒரு தொலைநோக்கி வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு வளைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். இரண்டும் மட்டமாக வந்து, கோள் விண்மீனை மறைக்கத் தொடங்கியதும் ஒரே நேரத்தில் இறங்கி, அடியில் கிடந்து, ஒன்றாக ஏறின. இறங்கத் தொடங்கியதிலிருந்து ஏறி முடியும் வரை மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அடியில் மட்டும் ஒட்டவில்லை. முதலாவதில் விண்மீனின் ஒளி 2.1 சதவீதத்தை ஒட்டிக் குறைந்திருந்தது, காபனீரொட்சைட்டு உறிஞ்சும் இரண்டாவதில் 2.2ஐத் தாண்டியிருந்தது. ஆயிரம் ரூபாயில் ஒரு ரூபாய் அளவு வித்தியாசம். இரவு ஒன்றரை மணி. எழும்பி முற்றத்துக்குப் போய் நின்றுவிட்டு வந்து, திரும்பவும் பார்த்தேன். அங்கேயேதான் இருந்தது.

திங்கட்கிழமை அந்த மாணவிக்குக் காட்டினேன். திரையில் அந்த இடைவெளி மேல் விரலை வைத்து, "இதுதானா டீச்சர் அங்க இருக்கிற காத்து?" என்றாள். "ஓம்" என்றேன். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு முழு நிறமாலையைக் காட்டச் சொன்னாள். 4.05 மைக்ரோமீற்றரில் ஒரு சின்ன மேடு கந்தகவீரொட்சைட்டால் வருகிறது, விண்மீனின் புறஊதா ஒளி அந்தக் காற்றில் இரசாயனத் தாக்கத்தைத் தூண்டி உண்டாக்கியது. ஆய்வாளர்களுக்கு அது தெளிவாகக் கிடைத்தது. என் படத்தில் இரைச்சலோடு கலந்து கிடக்கிறது. அதைத் துப்புரவாக்க மூலக் கோப்புகளிலிருந்தே தொடங்க வேண்டும். இரவு டேட்டாவில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கின்றன.