இடுப்பில் கோடு தட்டையான இடம்

பிசியோதெரபி மேற்படிப்பில் என் ஆய்வு, அரிசி குடோனில் மூட்டை தூக்குபவர்களின் கீழ்முதுகைப் பற்றியது. ஒரு மூட்டை 50 கிலோ. அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் நையோஷ் நிறுவனம் 1991-இல் திருத்திய கணக்குப்படி, தூக்கும் விதம் எல்லாம் தோதாக அமைந்தாலும் 23 கிலோதான் வரம்பு. அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

கருவி இரண்டு வகை. தீப்பெட்டி அளவில் இரண்டு அசைவு சென்சார்கள். ஒன்றை இடுப்பெலும்பின் நடுவிலும் இன்னொன்றை விலா எலும்பு முடியும் மட்டத்திலும் முதுகில் கட்ட வேண்டும். ஒன்றின் சாய்விலிருந்து மற்றதன் சாய்வைக் கழித்தால் இடுப்பு எத்தனை டிகிரி வளைகிறது என்று தெரியும். அப்புறம் இ.எம்.ஜி. பட்டைகள். தசை வேலை செய்யும்போது எழும் சிறு மின்சாரத்தை இவை பிடிக்கும். முதுகெலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, இரு பக்கமும் ஒட்டுவோம்.

ஒட்டுவதுதான் பெரும்பாடு. முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு ஒட்டினேன். அரை மணி நேரத்தில் வியர்வையில் நழுவிவிட்டது. மறுநாளிலிருந்து காலை ஆறரைக்கே போய், வேலை தொடங்குமுன் ஒட்டி, மேலே அகலமான டேப்பும் போட்டேன். இடது பக்கத்தில் இதயத் துடிப்பும் சேர்ந்து பதிவானது. 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதை வடிகட்டியதும் பெரிதும் அடங்கியது. இரும்புத் தூண் பக்கம் போனால் சென்சாரில் இருக்கும் காந்தமானி திசையைத் தப்பாகச் சொன்னது. அதை அணைத்துவிட்டேன். குனிவதை அளக்கப் புவியீர்ப்பே போதும்.

நாலாம் நாள், அங்கே மூத்தவரான ஓர் அண்ணனுக்கு ஒட்டியிருந்தேன். அடி அடுக்கு மூட்டையை எடுக்கக் குனிகிறார். திரையில் தசைக் கோடு எகிறுகிறது. இன்னும் குனிந்து மூட்டையின் காதைப் பிடிக்கப் போகும் நேரத்தில் கோடு சட்டென்று தட்டையாகிவிட்டது. ஒயர் கழன்றுவிட்டதென்று ஓடிப்போய் அழுத்திப் பார்த்தேன். எல்லாம் ஒட்டினபடியே இருந்தது. மூட்டையோடு நிமிர்ந்தபோது கோடு மறுபடி எகிறியது. அடுத்த மூட்டைக்கும் அதே இடத்தில் அதே மௌனம்.

இரவு படிக்கும்போதுதான் புரிந்தது. ஃபிளாய்டு, சில்வர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1955-லேயே எழுதிவைத்த விஷயம் இது. முழுதாகக் குனிந்ததும் முதுகுத் தசை விட்டுக்கொடுத்துவிடுகிறது. உடம்பின் பாரம் முதுகெலும்பின் இணைப்பு நார்கள்மேலும் டிஸ்க்மேலும் இறங்குகிறது. தசைக் கோட்டை மட்டும் பார்த்திருந்தால் அந்த நொடியை ஓய்வு என்று எழுதியிருப்பேன். வளைவின் அளவும் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தேன். மறுநாள் அண்ணனிடம் சொன்னபோது, லுங்கி முடிச்சுக்கு நேர் பின்னால் கையை வைத்து, “அங்கதான் தம்பி சுள்ளுன்னு இழுக்கும்” என்றார்.

சென்சாருக்கு மூட்டையின் எடை தெரியாது. எடையையும், மூட்டை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் நான்தான் கணக்கில் சேர்த்தேன். ஆகவே கடைசியில் வரும் எண் ஒரு மதிப்பீடுதான். அப்படியும் அடி அடுக்கில், இடுப்பின் கடைசி டிஸ்க்மேல் விழும் அழுத்தம், நையோஷ் எச்சரிக்கை வரம்பாக வைத்த 3400 நியூட்டனை ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் தாண்டியது. 50 கிலோ மூட்டை என்பதே தவறு என்றுதான் சொல்வேன். அதை மாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லை.

மரப் பேலட் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு அதன்மேல் அடுக்கினால் என்ன என்று அண்ணன்தான் கேட்டார். செய்து பார்த்தோம். அடி மூட்டை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. அன்று காலை முழுவதும் கோடு ஒரு முறைகூடத் தட்டையாகவில்லை.

பட்டையைப் பிரிக்கும்போது திரையை எட்டிப் பார்த்தார். “இதை முதலாளிகிட்ட காட்டலாமா தம்பி?” என்றார். இரண்டு படங்களையும் ஒரே தாளில் அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன்.